அரிசி கழுநீர்

குடிப்பதற்குப் பரிந்து பேசும் கட்டுரையன்று இது. குடியால் சிதைந்த வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். என்றாலும், சுவையைப் பற்றி எனக்கிருந்த ஒரு கர்வமும் அது உடைந்த விதமும் நெடுநாளாக மனத்தில் கிடக்கின்றன. பீர் என்னும் பானத்தைத் தொடாமல் அதை எழுத இயலாது. நண்பர்கள் பொறுத்தருள்க.

2004ஆம் ஆண்டு வேலை நிமித்தம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றேன். அடால்ஃபஸ் புஷ் என்ற ஜெர்மானியக் குடியேறி 1876இல் பட்வைசர் பீரை அறிமுகப்படுத்திய ஊர் அது. மிசிசிப்பி ஆற்றுக்கு அருகே உள்ள ஆலையின் பக்கம் போனால் வேகும் தானியத்தின் மணம் காற்றில் வரும். எங்கள் வேங்கிக்காலில் நெல் அவிக்கும் நாளின் மணத்தை அது நினைவூட்டும். ஆனால் ஐந்தாண்டுகள் அங்கு வாழ்ந்தும் அவ்வூர்ப் பீரை நான் காசு கொடுத்து வாங்கியது இரண்டே முறைதான்.

உணவகப் பட்டியல்களில் உள்நாட்டுப் பீர், இறக்குமதிப் பீர் என்று இரண்டு தலைப்புகள் இருக்கும். இரண்டாவதன் விலை ஒன்றிரண்டு டாலர் கூடுதல். வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலக நண்பர்களோடு அமரும்போது என் விரல் இரண்டாவது தலைப்பை விட்டு நகராது. பவேரியாவில் 1516இல் பிறந்த தூய்மைச் சட்டத்தைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். பார்லி, ஹாப், தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரக்கூடாது என்பது அச்சட்டம். அதை மேற்கோள் காட்டி, "அமெரிக்கப் பீர் வெறும் அரிசி கழுநீர்" என்பேன். கழுநீர் என்பது எங்கள் வீட்டில் மாட்டுக்கு வைப்பது என்று விளக்கமும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

2007 கோடையில் அப்பா வந்தார். வேங்கிக்கால் ஏரிப் பாசனத்தில் நாற்பது ஆண்டுகள் நெல் விளைவித்தவர். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, பின்னர் ஆட்சியர் அலுவலகமும் எங்கள் பக்கமே அமைந்தபின், சுற்றிலும் நிலங்கள் மனைகளாக மாறின. எங்கள் நிலத்தில் பாதி என் மேற்படிப்புக்காக விற்கப்பட்டது. அந்தப் படிப்புதான் என்னை அமெரிக்காவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவ்வூரில் பார்க்கத்தக்க இடங்களில் பீர் ஆலையும் ஒன்று. அப்பா மதுவைத் தொடாதவர். எனினும் அங்கே வளர்க்கப்படும் கிளைட்ஸ்டேல் குதிரைகளைக் காட்டலாம் என்று அழைத்துப் போனேன். குளம்பை மறைக்கும் ரோமத்தோடு நின்ற அந்தப் பெரிய குதிரைகளை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு வழிகாட்டிப் பெண் பானம் உருவாகும் முறையை விளக்கிக்கொண்டே வந்தாள். அவள் ஆங்கிலத்தில் அப்பாவுக்குப் பிடிபட்ட சொல் ஒன்றுதான்.

"ரைஸ்னா அரிசிதானேப்பா? இதுல அரிசியா போடறாங்க?"

"ஆமாம்பா. இங்க ஆர்கன்சாவுல நெல் விளையுது. அதனாலதான் இந்தச் சரக்கு மட்டம். நல்ல பீர்ல அரிசி போடமாட்டாங்க."

சிறிது தூரம் நடந்தபின் கேட்டார். "அரிசின்னா மட்டமாப்பா?"

கோபமாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் விடை சொல்லவில்லை. சுற்றின் முடிவில் மாதிரிக்குத் தந்த கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் சோடா குடித்தார். ஊர் திரும்பும்வரை அதைப் பற்றி அவர் மறுபடி பேசவேயில்லை.

அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்தபின் முறையாகப் படிக்கத் தொடங்கினேன். கதிரில் ஆறு வரிசையாக மணி பிடிக்கும் அமெரிக்க பார்லியில் புரதம் மிகுதி. அதை மட்டும் கொண்டு வடித்தால் பானம் கனத்துக் கலங்கும். அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்தால் புரதத்தின் அளவு குறைந்து தெளிவும் மென்மையும் கூடும். புஷ் காலத்தில் அது மலிவுக்காகச் செய்த கலப்படமன்று; பொகீமியப் பீரின் தெளிவை அமெரிக்க பார்லியில் கொண்டுவரக் கண்ட உபாயம். நான் போற்றிய பெல்ஜியப் பீர்கள் பலவற்றில் சர்க்கரை சேர்கிறது. இறக்குமதி என்ற பெருமையோடு நான் எலுமிச்சைத் துண்டு செருகிக் குடித்த மெக்சிகோவின் கொரோனாவிலும் மால்ட்டோடு வேறு தானியம் உண்டு. தூய்மைச் சட்டத்தை நான் எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் நீட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் அறிந்தேன். பெரும்பாலான பீர் வகைகள் நாள்பட நாள்படச் சிறப்பதில்லை. கப்பலிலும் கிடங்கிலும் கிடக்கும் காலத்தில் உயிர்வளி பட்டு, நனைந்த அட்டையின் வாடை ஏறுகிறது. பச்சைப் புட்டியை ஊடுருவும் ஒளி, ஹாப் தந்த கசப்புப் பொருளைச் சிதைத்துக் கந்தக நெடியுள்ள சேர்மத்தை உண்டாக்குகிறது. பழுப்புப் புட்டி அதைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் புட்டிகளில் 'ஐரோப்பிய மணம்' என்று நான் வியந்ததில் ஒரு பங்கு, வெளிச்சத்தில் கெட்ட பீரின் மணம்.

ஒரு சனிக்கிழமை நண்பர்கள் மூவரை அழைத்து, எண் மட்டும் எழுதிய காகிதக் கோப்பைகளில் பீர் வகைகளை ஊற்றிப் பரிசோதித்தோம். பட்வைசரை நான் வாங்கிய முதல் முறை அது. பெல்ஜியத் துறவிமடம் ஒன்றின் கரும்பீரை எல்லோரும் உடனே கண்டுகொண்டோம். அதன் ஆழம் ஒளிந்துகொள்வதில்லை. ஆனால் 1991 முதல் அதே ஊரில் சிறிய அளவில் வடிக்கப்பட்டுவரும் ஷ்லாஃப்லியை ஒரு நண்பர் ஜெர்மானியப் பீர் என்றார். ஹைனக்கன் இதுதான் என்று நான் அடித்துச் சொன்ன கோப்பையில் இருந்தது பட்வைசர். நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

2008இல், பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்பெவ் நிறுவனம் 5,200 கோடி டாலருக்கு அந்த ஆலையின் நிறுவனத்தை வாங்கியது. ஊரே துக்கம் காத்ததுபோல் இருந்தது. அன்று மாலை இரண்டாம் முறையாக ஒரு பட்வைசர் வாங்கினேன். உடைமை கடல் கடந்துவிட்டது. சுவை முந்தைய நாள் இருந்தபடியே இருந்தது.

ஊர் திரும்பியபின் பத்துப்பாட்டை மறுபடி வாசித்தபோது பெரும்பாணாற்றுப்படையில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். வலைஞர் குடியிருப்பில் மது வடிக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசையாகச் சொல்கிறார். அரிசியைக் குழையக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். அரிசியின் மாவுப்பொருளை முளை சர்க்கரையாக்க, சர்க்கரை நொதித்து மதுவாகிறது. செயின்ட் லூயிஸ் ஆலையில் அந்தப் பெண் விளக்கிய வேதியியலும் இதுவே. புறநானூற்றில் நக்கீரரோ, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அரசனுக்கு இறக்குமதி, வலைஞனுக்கு வீட்டு அரிசி. என் உணவகப் பட்டியலின் இரண்டு தலைப்புகளும் அப்போதே இருந்திருக்கின்றன. ஆனால் யவனத் தேறலைப் பாடிய அந்தத் தொகை நூல்களில், அரிசி மதுவை ஏளனம் செய்யும் ஓர் அடி என் கண்ணில் படவில்லை.

இப்போது வேங்கிக்காலில்தான் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டு மாடியில், உறவுக்காரப் பையன் ஒருவன் பட்வைசரைக் காட்டி, "மாமா, இது ஃபாரின் சரக்கு" என்றான். புட்டியைத் திருப்பி, இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்ற வரியைக் காட்டினேன். அவன் முகம் வாடியது. காட்டியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அவன் வயதில் நானும் பெயருக்குத்தான் கூடுதல் விலை கொடுத்தேன்.

அப்பா 2014இல் காலமானார். அவர் கேள்விக்கான விடையைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவுதான்: நல்ல பீர் எல்லா நாட்டிலும் உண்டு, மோசமானதும் உண்டு. வடிப்பவன் எதை நாடினான், குடிப்பவன் கைக்கு வரும்போது அது எவ்வளவு புதியதாக இருந்தது என்பவைதான் தரத்தைத் தீர்மானிக்கின்றன. அரிசி மட்டமில்லை அப்பா. அன்று மட்டமாகப் பேசியவன் நான்தான்.