வராத பதிலும் ஒரு கருப்புப் பட்டியலும்

போன ஆனி மாசம் எங்க மாமா ஒரு பார்ட்டியோடு சண்டை போடாத குறை. அவருக்கு இங்கே சிவகிரியில் தேங்காய் வியாபாரம். மும்பை பக்கம் ஒரு புது ஆளுக்கு மெயிலில் விலை அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினார். மூச்சே இல்லை.

"விலை கட்டலன்னா கட்டலன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான மருமவனே, ஒரு பதில் கூடவா போடமாட்டான்?"

பி.காம். படிக்கிற பையனுக்கு கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. (பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவே எனக்கு நாக்கு தள்ளும், அது வேற கதை.) திறந்து பார்த்தால், 'போய்ச் சேரவில்லை' என்று நாலு மெயில் திரும்பி வந்து கிடக்கிறது. இங்கிலீஷில் இருந்ததால் மாமா அதை விளம்பரம் என்று விட்டுவிட்டார்! உள்ளே 550 என்று ஒரு எண், பக்கத்திலேயே அனுப்பியவரின் ஐ.பி. முகவரி கருப்புப் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு வரி.

மாமா ஜென்மத்தில் ஸ்பேம் அனுப்பியதில்லை. ஆனால் அவர் எடுத்திருப்பது மலிவு விலை ஹோஸ்டிங். ஒரே சர்வர், ஒரே ஐ.பி., அதில் ஏகப்பட்ட குடித்தனம். எவனோ ஒருத்தன் குப்பை மெயிலாக அனுப்பித் தள்ள, காம்பவுண்டுக்கே கெட்ட பேர்.

இந்தப் பட்டியல் வழக்கம் 1997-ல் பால் விக்ஸி என்பவர் காலத்தில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் இன்றைக்கு இதில் பெரிய கை. பார்க்கிற முறை சுலபம்தான். 192.0.2.10 என்பதைத் திருப்பிப் போட்டு 10.2.0.192 என்று பட்டியலின் டி.என்.எஸ்.-இடம் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் நல்ல பிள்ளை. 127.0.0.2 மாதிரி ஏதாவது வந்தால் மாட்டினோம். ஸ்பேம்ஹாஸிடம் நான் கேட்டதற்கு 127.255.255.254 வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கூகுளின் பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் 'இந்த வழியில் பதில் தரமாட்டோம்' என்பதற்கு அந்த எண்ணாம். மறுநாள்தான் தெரிந்தது. எம்எக்ஸ்டூல்பாக்ஸ் மாதிரி தளத்தில் போட்டால் பல பட்டியல்களையும் ஒரே தடவையில் பார்த்துச் சொல்லிவிடும். அங்கேயும் எல்லாச் சிவப்புக்கும் பயப்பட வேண்டாம், சில பட்டியல்களைப் பெரிய மெயில் கம்பெனிகள் சட்டையே செய்வதில்லை. சீக்கிரம் பேரை எடுக்கக் காசு கேட்கிற பட்டியலும் உண்டு. ஸ்பேம்ஹாஸ் அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதி, அவர்கள் அந்த ஆளை விரட்டி, பேர் நீங்க ஒன்பது நாள். அதோடு டொமைனில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டையும் போட்டேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்குமே இதில் ஒன்றாவது வேண்டும்.

இரண்டாம் வருஷம் பிசினஸ் லாவில் மனப்பாடம் பண்ணியது ஞாபகம் வந்தது. 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 4: முன்மொழிவு எதிராளிக்குத் தெரிய வந்தால்தான் அது அறிவிக்கப்பட்டதாகக் கணக்கு. அப்படிப் பார்த்தால் மாமா விலையே சொல்லவில்லை! இதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மும்பைக்காரருக்கு போன் போட்டார். அவர் என்னடா என்றால், "நீங்கதான் விலையே அனுப்பலையே" என்று கோபத்தில் இருந்திருக்கிறார். லோடு அதற்குள் பொள்ளாச்சிக்காரருக்குப் போய்விட்டது.

இப்போது திங்கட்கிழமை காலையில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் பட்டியலைப் பார்த்துவிடுகிறேன். மாமா மட்டும் மெயில் அனுப்பிய கையோடு போனும் போட்டு, "வந்துட்டா?" என்று கேட்கிறார்.