சைப்ரஸுக்கு ஒரு பயண ஆயத்தம்

என் தங்கையின் மூத்த மகன் தோஹாவில் வேலை செய்கிறான். சென்ற நோன்புப் பெருநாளன்று ஸலாம் சொல்ல எடுத்தவன், "மாமா, வருசக் கடைசி லீவுக்கு உம்மாவ ஒரு கிழமைக்கு வெளிநாடு கூட்டிட்டுப் போகப் போறன். நீங்கதான் அவங்கள சம்மதிக்க வைக்கணும்" என்றான். எந்த நாடு என்று கேட்டேன். மத்தியதரைக் கடலில் இருக்கும் சைப்ரஸ் தீவு என்றான். வளைகுடாவிலிருந்து நாலு மணித்தியால விமானப் பயணம்தான், கடலும் மலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்றும் சொன்னான்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரோடு ஹஜ்ஜுக்குப் போய் வந்தாள். அவர் வஃபாத்தான பிறகு மூன்று பிள்ளைகளையும் தையல் இயந்திரத்தை வைத்தே வளர்த்தாள். ஹஜ்ஜைத் தவிர, ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் போனதைத்தான் அவள் பயணம் என்று கணக்குச் சொல்வாள். நான் விஷயத்தை எடுத்ததும், "என்ன நானா இது, கடல் பார்க்கிற வயசா எனக்கு? அந்தக் காசப் பள்ளிக்குக் குடுத்தா நன்மையாவது கிடைக்கும்" என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். பிள்ளைகளுக்காக எதையும் கேட்பாள். தனக்காக அவள் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. நம் வீடுகளில் இப்படி எத்தனையோ உம்மாமார் இருக்கிறார்கள்.

மருமகன் சைப்ரஸ் என்று சொன்ன தீவுக்கு அறபியில் குப்ருஸ் என்று பெயர். கல்லூரியில் ஹதீஸ் பாடம் படித்த நாளிலிருந்து எனக்குப் பழக்கமான பெயர் அது. எனவே குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உம்மு ஹராம் (ரழி) அவர்களின் வரலாற்றை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

உம்மு ஹராம் பின்து மில்ஹான் (ரழி) மதீனாவின் அன்ஸாரிப் பெண்மணி. உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் சகோதரி, அனஸ் (ரழி) அவர்களின் சாச்சி முறை. நபி (ஸல்) அவர்களுக்கு மஹ்ரமான உறவு என்பது உலமாக்களின் விளக்கம். நபியவர்கள் குபாவுக்குப் போகும்போது அவர்களின் வீட்டுக்கும் போவார்கள், சாப்பிடுவார்கள், சற்று உறங்குவார்கள். ஒரு நாள் அப்படி உறங்கி எழுந்தபோது புன்னகைத்தார்கள். காரணம் கேட்டார் உம்மு ஹராம். தம் உம்மத்தில் ஒரு கூட்டத்தார் சிம்மாசனத்தில் இருக்கும் அரசர்களைப் போல் கடலில் ஏறிப் போவதைக் கனவில் கண்டதாக நபியவர்கள் சொன்னார்கள். உம்மு ஹராம் உடனே, நானும் அவர்களில் ஒருத்தியாக இருக்க துஆச் செய்யுங்கள் என்று கேட்டார். நபியவர்களும் துஆச் செய்தார்கள். மீண்டும் உறங்கி, மீண்டும் புன்னகையோடு எழுந்து, இன்னொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொன்னபோது உம்மு ஹராம் மறுபடியும் கேட்டார். நீர் முதல் கூட்டத்தில் இருக்கிறீர் என்பது பதிலாக இருந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது.

பல்லாண்டுகளின் பின், உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில்தான் அந்தக் கடற்பயணம் நடந்தது. உமர் (ரழி) அவர்கள் கடல் வழிப் படையெடுப்புக்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை. உஸ்மான் (ரழி) அவர்கள் அனுமதித்தபோது, மனைவியையும் உடன் அழைத்துச் செல்வதானால் போகலாம் என்று முஆவியா (ரழி) அவர்களுக்கு நிபந்தனை விதித்ததாக வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதியிருக்கிறார். கடல் ஆபத்தில்லை என்று நீர் சொல்வது உண்மையானால் உம் மனைவியும் வரட்டும் என்ற கருத்தாக இருக்கலாம். அப்படியே முஆவியா (ரழி) அவர்களின் மனைவி ஃபாகிதாவும் கப்பல் ஏறினார். உம்மு ஹராம் (ரழி) தம் கணவர் உபாதா இப்னுஸ் ஸாமித் (ரழி) அவர்களோடு ஏறினார். இது ஹிஜ்ரி 28, கி.பி. 649 அளவில். உம்மு ஹராம் அப்போது இளம் பெண்ணல்ல. கடலைக் கடந்து கரையேறிய பின் வாகன மிருகத்திலிருந்து விழுந்து வஃபாத்தானார். குப்ருஸ் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

"அவங்களாவே கேட்டாங்களா?" என்றாள் தங்கை. ஆம், இரண்டு தரம் கேட்டார்கள் என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் கழித்துக் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று பெட்டியைக் கிளறியதாக இளைய மகள் வந்து சொன்னாள்.

இந்த இடத்தில் வாசகிகள் சிலர் என்னை மடக்கக் கூடும். மூன்று பள்ளிவாசல்களுக்கே தவிர வேறெங்கும் பயணத்தைக் கட்டக் கூடாது என்ற ஹதீஸ் இருக்கிறதே, கப்ருக்காக ஒரு நாட்டுக்குப் போகலாமா? பெண்கள் கப்ரு ஸியாரத் செய்வதிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டே? தங்கைக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பயணம் மகனோடு ஓய்வுக்காகப் போகும் பயணம். வழியில் உள்ள கப்ரில் ஸலாம் சொல்லி, துஆச் செய்து, மறுமையை நினைத்துத் திரும்புவதில் நான் பிழை காணவில்லை. நேர்ச்சை வைப்பதும், கல்லைத் தடவுவதும், கப்ரிலே தேவையைக் கேட்பதும் வேண்டாம். அந்தக் கப்ரின் மேல் பெரிய கற்களை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லையும் வைத்திருக்கிறார்கள். அக்கல் அந்தரத்தில் மிதந்தது என்று முன்பு கதை கட்டியவர்களும் உண்டு. கல் கல்தான்.

விடுமுறையைத் திட்டமிட நான் வரைபடத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் உண்மையில் உதவியது எங்கள் ஊர் ராத்தா ஒருவர். லார்னகா நகரில் ஆறு வருடம் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு வந்தவர். நம் நாட்டுப் பெண்கள் பலர் சைப்ரஸில் வீட்டு வேலை செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைநகர் நிகோசியாவின் நகரசபைப் பூங்காவில் அவர்கள் கூடுவார்களாம்.

ராத்தாவிடம், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஜன்னல் வழியா கடல் பார்த்தேன் மௌலவி" என்று சிரித்தார். வயோதிப மாது ஒருவரைப் பராமரிக்கும் வேலை. முதல் இரண்டு வருடம் வாராந்த விடுமுறைகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. விமான நிலையப் பாதையில் போகும்போதெல்லாம் உப்பேரிக்கு அப்பால் மரங்களுக்கு நடுவே ஒரு குப்பாவும் மினாராவும் தெரியும். யாருடைய இடம் என்று தெரியாமலே இருந்திருக்கிறார். பிறகு அறபிக் கடைக்காரர் ஒருவர்தான் அது உம்மு ஹராம் (ரழி) அவர்களின் அடக்கஸ்தலம் என்று சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை வழியாக நடந்தே போயிருக்கிறார்.

"போய் யாஸீன் ஓதணும்னுதான் நினைச்சேன். வாயில ஒண்ணும் வரல்ல. அழுதது மட்டும்தான். அவங்களும் வந்த இடத்துல மௌத்தானவங்கதானே. நானும் அங்கயே மௌத்தாப் போயிருவேனோன்னு பயந்து கிடந்த காலம் அது."

ஹாலா சுல்தான் தக்கியா என்று அந்த இடத்துக்குத் துருக்கியர் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றுள்ள பள்ளிவாசல் 1816-17 அளவில், உஸ்மானியர் ஆட்சியில் கட்டப்பட்டது. கோடையில் ஏரி வற்றி வெள்ளை உப்புப் பாளமாகிவிடும். மாரியில் நீர் நிறைந்து, நவம்பர் முதல் மார்ச் வரை செந்நாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். முற்றத்தில் பூனைகள் நிறைய உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது போதும் என்றார் ராத்தா.

டிசம்பர் என்பதால் கடலில் குளிக்க முடியாது, ஆனால் பறவைகளைப் பார்க்கலாம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நிகோசியாவில் வெயில் 40 பாகை வரை போகும். அபாயாவும் ஹிஜாபும் அணிந்து நடக்கும் வயதான பெண்ணுக்கு மாரி காலமே மேல் என்று மருமகனுக்குச் சொன்னேன். 1,952 மீற்றர் உயரமான ட்ரூடோஸ் மலையில் அந்நாட்களில் பனி விழவும் கூடும். தீவின் பரப்பு 9,251 சதுர கிலோ மீற்றர், நம் நாட்டில் ஏழில் ஒரு பங்கு. 1878 முதல் 1960 வரை பிரித்தானியர் ஆண்டதால் வாகனங்கள் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓடும். மின்சாரப் பிளக்கும் மூன்று கால் சதுரப் பிளக்தான்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. தெற்குப் பகுதியில் பன்றியிறைச்சி சர்வசாதாரணம். சுவ்லாக்கி என்று கம்பியில் குத்திச் சுடும் இறைச்சி பெரும்பாலும் அதுவே. ஷெஃப்டாலியா என்னும் இறைச்சியுருண்டையும் அப்படித்தான். திராட்சை இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டும் கூபேபியாவிலும் கலந்திருக்கலாம். வடக்கே துருக்கிய முஸ்லிம்கள் ஷெஃப்டாலியை ஆட்டிறைச்சியில் செய்கிறார்கள். பெயர் ஒன்று, பண்டம் வேறு. ஆட்டுப் பாலில் செய்யும் ஹலூமி பாற்கட்டி அத்தீவின் பெருமை. சுட்டாலும் உருகாது, கடித்தால் பல்லில் கீச்சிடும். அதை உறைய வைக்கும் பொருள் மிருகத்திலிருந்து எடுக்கப்பட்டதா, தாவரத்திலிருந்தா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். மீனும் உருளைக்கிழங்கும் தோடம்பழமும் இருக்கும்போது பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ராத்தா ஆறு வருடமும் பெரும்பாலும் மீனும் முட்டையுமாகவே சமாளித்தாராம்.

தொழுகை விஷயம். நாம் மேற்குப் பக்கம் திரும்பித் தொழுது பழகியவர்கள். அங்கே கிப்லா தெற்கில், சற்றுக் கிழக்கே சாய்ந்திருக்கும். ஹோட்டல் அறைக்குள் போனதும் பழக்கத்தில் மேற்கே தக்பீர் கட்டிவிடாதீர்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும், எனவே ளுஹரும் அஸரும் நெருக்கமாக இருக்கும். ஒரே ஊரில் போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நாலு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபின்படி கஸ்ர் இல்லை. மருமகன் லார்னகாவில் மூன்று நாளும் நிகோசியாவில் மூன்று நாளும் என்று பிரித்திருக்கிறான். லார்னகா கோட்டைக்கருகே பெரிய பள்ளிவாசல் உண்டு, நிகோசியாவின் தெற்குப் பகுதியில் ஒமரிய்யாப் பள்ளிவாசல் உண்டு. இரண்டிலும் ஜமாஅத் நடக்கிறது.

நிகோசியா பிளவுபட்ட நகரம். 1974 இல் துருக்கிப் படை வந்திறங்கிய பின் தீவு இரண்டாகி, கிரேக்கர்கள் தெற்கேயும் துருக்கிய முஸ்லிம்கள் வடக்கேயும் இடம்பெயர்ந்தார்கள். தெற்கிலிருந்த முஸ்லிம் கிராமங்கள் வெறிச்சோடின. 2003 ஏப்ரலில் கடவைகள் திறக்கும் வரை 29 வருடங்களாகச் சாதாரண மக்கள் தாம் பிறந்த ஊரைக் கண்ணால் காணவில்லை. திறந்ததும், விட்டு வந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்க இரு பக்கத்தாரும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரிகளுக்கு அந்தத் தட்டலை நான் விளக்க வேண்டியதில்லை.

2008 இல் திறந்த லெட்ரா வீதிக் கடவையால் நடந்தே வடக்குக்குப் போகலாம். உங்கள் கடவுச்சீட்டுக்கு அங்கே அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். நேரே வடக்கு விமான நிலையத்தில் போய் இறங்க வேண்டாம், தெற்கு அரசாங்கம் அதைச் சட்டவிரோத வருகையாகவே கருதுகிறது. கடவையைத் தாண்டினால் 1572 இல் கட்டிய பியூக் ஹான் என்ற பெரிய சத்திரம் இருக்கிறது. முற்றத்தின் நடுவே தூண்களின் மேல் ஒரு சின்னத் தொழுகை இடம், கீழே வுழூச் செய்யும் நீர்த்தடாகம். வியாபாரிகள் கடனில்லாமல் தொழுதுவிட்டுத் தூங்குவதற்கான ஏற்பாடு.

விசா விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. சென்ற வெள்ளிக்கிழமை ராத்தா என் வீட்டுக்கு வந்து ஒரு பொலித்தீன் பையைத் தந்தார். உள்ளே கடும் நீல நிறத்தில் கனத்த கம்பளிச் சுவெட்டர் ஒன்று. லார்னகாவில் முதல் மாரியில், முதல் சம்பளத்தில் வாங்கியதாம். இங்கே போட வழியில்லாமல் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்திருக்கிறார். "ஏரிப் பக்கம் காத்து சரியான குளிர். தங்கச்சிக்குக் குடுங்க. அங்க போனா எனக்காகவும் ஒரு ஸலாம் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அன்றிரவே கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கை நீளம் கொஞ்சம் கூட. தையல்காரி அல்லவா, ஊசியை எடுத்து மடித்துத் தைக்க உட்கார்ந்தவள், பிறகு வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டாள். "திருப்பிக் குடுக்க வேண்டிய சாமான் நானா" என்றாள்.