குதிரைக் காசும் குறிபார்க்கும் கண்ணாடியும்!

ராணுவ பட்ஜெட்டைத் தூக்கிக் கோவில் கட்டிட்டா என்ன ஆகும்? மாணிக்கவாசகர் கதையே அதுதான் பாஸ்! அரிமர்த்தன பாண்டியன் படைக்குக் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை, அவர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார் என்கிறது புராணம். அந்தத் திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில். அறந்தாங்கியிலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

உள்ளே போனதும் கொடுங்கையை அண்ணாந்து பாருங்க. கம்பி, ஆணி எல்லாமே கருங்கல்! கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. குதிரையேறிய சிவனின் சிற்பத்தை மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க. குதிரையும் ஈட்டியுமாக நடந்த அந்தக் காலப் போரில் ஒரு விஷயம் நிச்சயம்... குத்துகிறவனுக்கு எதிராளியின் முகம் தெரியும்.

அந்த முகம் எப்போ மறைஞ்சது? 1884-ல் ஹிராம் மாக்சிம் செய்த மெஷின் கன், நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகளைத் துப்பியது. குண்டு போகிற தூரத்துக்குக் கண் போகவில்லை. அதனால் துப்பாக்கி மேல் தொலைநோக்கியை மாட்டினார்கள். லிக் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்குத் தாங்கி செய்த 'வார்னர் அண்ட் ஸ்வேசி' கம்பெனிதான், பிற்பாடு அமெரிக்க மெஷின் கன்னுக்கும் குறிநோக்கி செய்தது. நட்சத்திரம் பார்த்த கை! ஜெர்மனியின் எம்.ஜி. 08-ல் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி. சுடும்போது துப்பாக்கி உதறி கண்ணில் இடிக்குமே? அதற்காக வார்னர் கண்ணாடியில் ரப்பர் வளையம் வைத்தார்கள்.

இதன் லேட்டஸ்ட் அத்தியாயம் நம்ம ஏரியாவில்தான். திருச்சியில், 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. இஸ்ரேல் தொழில்நுட்பத்தில் 12.7 மி.மீ. துப்பாக்கி ஒன்றை அங்கே செய்கிறார்கள். கேமரா, இருட்டிலும் உடல் சூட்டை வைத்துப் பார்க்கும் கருவி, தூரம் அளக்க லேசர்... எல்லாம் அதிலேயே இருக்கு. சுடுகிறவர் துப்பாக்கிப் பக்கமே போக வேண்டாம், திரையைப் பார்த்தால் போதும். கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் இப்படி 463 துப்பாக்கிகள் வாங்க, 2024 பிப்ரவரியில் 1,752 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். பாண்டியன் இருந்திருந்தா எத்தனை குதிரைன்னு கணக்குப் போட்டிருப்பான்!

ஆவுடையார்கோவிலிலிருந்து கடல் ரொம்ப தூரமில்லை. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு வரிசையாக மீனவர் ஊர்கள். அவர்கள் வலை வீசும் பாக் விரிகுடாவில் 2022 அக்டோபர் 21 அன்று, நிற்காமல் போன சந்தேகப் படகு என்று நம் கடற்படையே சுட்டது. காயம் பட்டவர் தமிழ்நாட்டு மீனவர்.

கண்ணாடி படகைப் பெரிசாக் காட்டும். அதில் இருப்பது எதிரியா, நம்ம ஊர் அண்ணனா என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கிற வேலை இன்னமும் மனுஷனுக்குத்தான். கோவில் பார்த்துட்டு, ஜெகதாப்பட்டினம் கரையில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. தூரத்தில் போகிற படகில் யார்னு உங்களால சொல்ல முடியுதா பாருங்க!