அசல் மான்செஸ்டரில் எங்கள் அப்பா!

கோயமுத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். அசல் மான்செஸ்டரைப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போனதில் அந்த வாய்ப்புக் கிடைத்தது.

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. "டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காங்க. வாக்கா, லௌரியோட படங்களைப் பார்த்துட்டு வரலாம். டிக்கெட் கிடையாது" என்று ஒட்டினாற்போல் இருக்கும் சால்ஃபோர்டுக்கு ட்ராமில் அழைத்துப் போனாள். கால்வாய்க் கரையில், 2000-ல் திறந்த பெரிய கட்டடம். அந்த ஓவியர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

படத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று அசட்டையாகத்தான் போனேன். 1930-ல் அவர் வரைந்த ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது. 'மில்லிலிருந்து வருகிறார்கள்' என்று பொருள்படும் பெயர். பின்னால் மில், புகைபோக்கிகள். முன்னால் குச்சி குச்சியாய் ஜனங்கள், தலையைக் குனிந்தபடி.

எங்க அப்பா அப்படித்தான் வருவார்! சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் தெரிவார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு நாளாவது அவரை நின்று பார்த்திருப்பேனா? கண் கலங்கிவிட்டது.

லௌரி 1887-ல் பிறந்தவர். 1909-ல் குடும்பத்தில் பணக் கஷ்டம் வந்து, மில்கள் சூழ்ந்த பெண்டில்பரிக்குக் குடிவந்தார்கள். முதலில் அந்த இடமே பிடிக்கவில்லையாம். ஒரு நாள் ரயிலைத் தவறவிட்டு நின்றபோது, மில் விட்டு ஜனங்கள் வெளியே வந்த காட்சி மனசில் பதிந்துவிட்டதாம். பகலெல்லாம் வீடு வீடாக வாடகை வசூலிக்கும் உத்தியோகம். 1952-ல் ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள்—ஐந்தே வர்ணத்தில்தான் இத்தனையும் வரைந்தார்.

படுத்த படுக்கையாயிருந்த அம்மாவை வருடக்கணக்கில் கவனித்துக் கொண்டார். இரவில் அவர் தூங்கிய பிறகுதான் தூரிகையை எடுப்பாராம். அந்த அம்மாவோ மகனின் படங்களை மெச்சியதே இல்லையாம். 1939-ல் லண்டனில் அவருடைய படங்களைத் தனியாகக் கண்காட்சி வைத்தார்கள். அந்த வருடமே அம்மா காலமாகிவிட்டார்.

தங்கை இதைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. அப்பா வேலை பார்த்த மில் மூடி வருடங்களாகிவிட்டன. மிஞ்சி நிற்கும் புகைபோக்கியை என் மகன் நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருந்தான். "பூ, மயில் எதுவும் கிடைக்கலையா? இந்தப் பாழடைஞ்சதைத்தான் வரையணுமா?" என்று கடிந்துகொண்டேனே!

சகோதரிகளே, பிள்ளைகள் எதையாவது வரைந்து கொண்டுவந்து நீட்டினால், அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பாருங்கள்.

அன்று இரவே ஊருக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, அந்தப் புகைபோக்கிப் படத்தைப் பத்திரமா வச்சிரு. அம்மா வந்து பார்க்கணும். உங்க தாத்தா வேலை பார்த்த மில்லு அது."