உயிர் காலேஜும் செத்த காலேஜும்

பழைய மதராஸில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு காலேஜையும் சுற்றிக் காட்டி அனுப்புவது எங்கள் பாட்டி காலத்து வழக்கம். நான் பிளஸ் டூ படித்த 1983–85இல் என் சனிக்கிழமைகள் முழுக்க இந்த இரண்டு காலேஜுக்கும் நடுவேதான் கழிந்தன. உயிர் காலேஜை ஒட்டி மூர் மார்க்கெட். செத்த காலேஜ் வளாகத்துக்குள் கன்னிமாரா நூலகம். கணக்கையும் இயற்பியலையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை இந்த இரண்டு இடங்கள்தான்.

அப்பா பெரம்பூர் லோகோவில் ஃபிட்டர். நான் படித்தது தமிழ் மீடியம், முதல் குரூப். பதினோராம் வகுப்பில் இயற்பியலுக்கு வந்த ஆசிரியர் ஆடி மாதத்தில் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வர மறு வருஷம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வேதியியல் ஆசிரியரே வந்து பாடத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் ஒரு நாளும் நடித்ததில்லை.

பாடநூல் மட்டும் போதும் என்றிருந்தால் எப்படியோ ஓட்டியிருப்போம். ஆனால் 1984இல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு என்று வந்துவிட்டது. அதுவரை பாடத்தை வரி பிசகாமல் எழுதினால் மார்க். இனி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு உள்ளே போய்ப் புரிந்திருக்க வேண்டும். கடைகளில் கைடுகள் குவிந்தன. நானும் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு கணக்குக்கும் விடை இருந்தது. அந்த முதல் வரியை எழுத எப்படித் தோன்றியது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டதோ அதுதான்.

எதிர்வீட்டு அக்கா ராணி மேரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தார். "கைடைத் தூக்கி ஓரமா வைடா. மூர் மார்க்கெட்டுக்குப் போ. லோனின்னு கேளு, ஹால் அண்ட் நைட்டுன்னு கேளு. மொத விலைக்கு வாங்கிடாதே" என்றார். ஒரு துண்டுத் தாளில் நான்கு பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். இன்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நல்ல புத்தகத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதே அன்று அவ்வளவு பெரிய காரியம். பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெரம்பூரில் ரயில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். இறங்கி வெளியே வந்தால் பக்கத்திலேயே சிவப்புச் செங்கல் கட்டடம். 1900இல் திறந்தது, மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர். உள்ளே கிளி, புறா, முயல் விற்பார்கள். இசைத்தட்டுக் கடைகளில் பழைய பாட்டு சுழன்றுகொண்டே இருக்கும். பறவைக் கூண்டு வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்த ஒரு நெடி வரும். அந்த நெடி எனக்கு இன்னமும் கணக்கோடுதான் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

நான் வழக்கமாகப் போன பழைய புத்தகக் கடையை ஒரு பாய் வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கிலப் புத்தகங்களை அட்டையையும் பருமனையும் வைத்தே சொல்லிவிடுவார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "என்ன குரூப்பு தம்பி? மேக்ஸா? இங்கிலீஷ் மீடியமா, தமிழா?" என்றுதான் கேட்டார். தமிழ் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். நான் துண்டுச் சீட்டை வாசித்தேன். லோனியின் திரிகோணமிதி அடுக்கின் நடுவிலிருந்து வந்தது. முதுகு கிழிந்து, துணி ஒட்டி, நூல் போட்டுத் தைத்திருந்தது. பன்னிரண்டு ரூபாய் சொன்னார். நான் மூன்று என்றேன். ஐந்தில் முடிந்தது. "படிச்சிட்டுக் கொண்டா, பாதிக் காசு தரேன்" என்றார். கடைக்காரரே இரவல் கொடுக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

லோனி அந்தப் புத்தகத்தை எழுதியது 1893இல். கும்பகோணத்தில் சிறுவன் ராமானுஜன் தன் வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்களிடம் இரவல் வாங்கிக் கரைத்துக் குடித்தது இதே புத்தகத்தைத்தான். பின்னால் கல்லூரி நூலகத்திலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அவரை எங்கேயோ கொண்டுபோயிற்று. அந்த இரண்டும் பெரிய மேதைகளின் நூல்களல்ல. மாணவர்களுக்காக எழுதிய பாடப் புத்தகங்கள். சரியான வயதில் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தன, அவ்வளவுதான்.

மூர் மார்க்கெட் அடுக்குகளில் உலக அரசியலும் கிடந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் கெட்டி அட்டையில், நல்ல தைப்பில் அச்சிட்ட புத்தகங்கள், சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிற விலையில். பிஸ்குனோவின் நுண்கணிதம், இரோடோவின் இயற்பியல் கணக்குகள். புதிதாக வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு நியூ செஞ்சுரி புக் ஹவுஸுக்குப் போகலாம். பிரிட்டிஷ் அரசு தன் பங்குக்கு ஈ.எல்.பி.எஸ். என்ற பெயரில் மலிவுப் பதிப்புகளை அனுப்பியது. அமெரிக்கா கோதுமை விற்று வந்த ரூபாயில், பி.எல். 480 கணக்கில், தன் நாட்டுப் பல்கலைக்கழகப் புத்தகங்களை இங்கே மலிவாக அச்சிட உதவியது. மூன்று நாடுகளும் நம் பிள்ளைகளின் மனசைப் பிடிக்கப் போட்டி போட்டன. அந்தப் போட்டியில் லாபம் பார்த்தது பெரம்பூர் ஃபிட்டர் வீட்டுப் பையன். அவர்கள் எந்த நோக்கத்தில் கொடுத்திருந்தாலும் எனக்கு நன்றிதான் இருக்கிறது.

இரோடோவை மட்டும் மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம். 1800க்கும் மேற்பட்ட கணக்குகள். ஆளுக்குப் பத்து நாள் என்று முறை. என் முறையில் நான்கு கணக்கு போட்டால் பெரிய விஷயம். அது எங்கள் தேர்வுக்கான புத்தகமே இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் ஒரே கணக்கோடு மூன்று நாள் உட்கார்ந்திருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை அது பழக்கிவிட்டது.

சிக்கல் மொழியில் இருந்தது. லோனியின் ஆங்கிலம் நீளமானது, வழக்கறிஞர் எழுதியது போல. திரிகோணமிதியில் சமாளித்துவிடலாம், குறியீடுகள் கைகொடுக்கும். நிலையியலில் முடியவில்லை. அதை ஒரு நாள் பாயிடம் சொன்னபோது அவர் கடைக்குப் பின்னால் போய், தூசி தட்டி ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். எல்லாம் தமிழ். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிகளில் தமிழ் மீடியம் வரப்போகிறது என்று எழுபதுகளில் நூற்றுக்கணக்கில் வெளியிட்ட பட்டப்படிப்பு நூல்கள். நிலையியல், இயக்கவியல், ஒளியியல், கரிம வேதியியல். பேராசிரியர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கி எழுதியவை. பல புத்தகங்களின் தாள்கள் பிரிக்காமலேயே ஒட்டியிருந்தன. "இது போணியாகாது தம்பி. எடைக்கு வந்தது. எது வேணுமோ எடுத்துக்க, ஒண்ணு ஒரு ரூபா" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு ரூபாய்க்கு அதைவிடப் பெரிய பொருளை நான் வாங்கியதில்லை. இந்தப் புத்தகங்கள் இருக்கின்றன என்று எங்கள் பள்ளியில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்ற ஆற்றாமை இன்றும் இருக்கிறது. தமிழில் படித்தால் மேலே படிக்கப் புத்தகமில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. புத்தகமோ மூர் மார்க்கெட்டில் எடைக்குக் கிடந்தது.

அன்று எடுத்த நிலையியல் மட்டும் பிரிக்காத புத்தகமல்ல, யாரோ படித்திருந்தார். பெயர் இல்லை. ஓரங்களில் பென்சில் எழுத்து, சின்னதாக, சாய்வாக. உராய்வு அத்தியாயத்தில் ஏணிக் கணக்கு ஒன்று. வழவழப்பான சுவரில், சொரசொரப்பான தரையில், 45 பாகையில் ஏணி சாய்ந்திருக்கிறது. ஏணியின் எடையே உள்ள ஓர் ஆள் உச்சிவரை ஏற வேண்டும். தரையின் உராய்வுக் குணகம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்?

நான் ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஐந்து விசைகள்: ஏணியின் எடை, ஆளின் எடை, சுவரின் எதிர்விசை, தரையின் எதிர்விசை, உராய்வு. எங்கே தொட்டாலும் ஐந்தும் வந்து நின்றன. அந்தப் பக்க ஓரத்தில் இப்படி எழுதியிருந்தது: "முதலில் அடிமுனையைப் பிடி. இரண்டு விசை தானே விலகிவிடும்."

திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், சாயங்காலம், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். அடிமுனையைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தேன். தரையின் எதிர்விசையும் உராய்வும் அந்தப் புள்ளி வழியாகவே போகின்றன. அவற்றுக்குத் திருப்பும் சக்தி இல்லை, மறைந்துவிட்டன. மிச்சமிருந்த மூன்றில் தெரியாதது சுவரின் எதிர்விசை ஒன்றுதான். ஏணி எடையின் ஒன்றரை மடங்கு. உராய்வு அதற்குச் சமம். தரை தாங்குவது இரண்டு எடை. ஒன்றரையை இரண்டால் வகுத்தால் முக்கால். நான்கு வரி. அம்மா குடத்தோடு வந்து, "ஏன்டா தனியா சிரிக்கிறே?" என்று கேட்டார்.

எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் தெரியாதவை விலகும் என்று முதலில் தேட வேண்டும். ஒரு வருஷமாக நான் தேடிய முதல் வரி அதுதான். முகம் தெரியாத ஒருவர் அதை எனக்காகப் பென்சிலில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கன்னிமாராவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நான் செய்தது பிரதி எடுக்கும் வேலை. ஜெராக்ஸுக்குக் காசில்லை. மூர் மார்க்கெட்டிலிருந்து பெரியமேடு வழியாக அரை மணி நடை. 1896இல் திறந்த நூலகம்; 1955 முதல் நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் இடம். ரெஸ்னிக் ஹாலிடேயின் இயற்பியல் கணக்குகளை நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதி ஆறு நோட்டு சேர்ந்தது. கையால் எழுதியதில் ஒரு நன்மை: கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் விரல் வழியாக உள்ளே போயிற்று. மூட வேண்டிய நேரம் வந்ததும் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவார். என் மேசை விளக்கை மட்டும் கடைசியாக விட்டு வைப்பார்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். சுவர்கள் கருகி நின்றன. உள்ளே தண்ணீரும் சாம்பலும் குழைந்து கிடந்தன. காகிதச் சாம்பல் லேசானது. பக்கத்திலிருந்த மரங்களிலெல்லாம் படிந்திருந்தது. பாயைத் தேடினேன், கூட்டத்தில் கண்ணில் படவில்லை. கடைக்காரர்களுக்குப் பின்னால் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கேயும் இரண்டு முறை போய் விசாரித்தேன். உயிர் காலேஜும் அதே வருஷம் வண்டலூருக்குப் போய்விட்டது. மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று ரயில்வே கட்டடம் நிற்கிறது. சின்னதாக ஒரு மாதிரிக் கட்டடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாயின் கடை எந்த மூலையில் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

தீப்பிடிப்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் நான் கடைசியாக அங்கே போயிருந்தேன். தேர்வுகள் முடிந்துவிட்டன. விண்ணப்பச் செலவுக்குக் காசு வேண்டும். புத்தகங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனேன். லோனியை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டேன். நிலையியலை எடுத்துப் போனேன். அதைக் கொடுக்க மனசில்லை. ஆனால் அது கைமாற வேண்டிய புத்தகம் என்றும் தோன்றியது. முந்தின இரவு ஏணிக் கணக்கின் பக்கத்தைத் திறந்து, அந்தச் சாய்வெழுத்துக்குக் கீழே என் கையால் எழுதினேன்: "ஆள் இல்லாமல் அரை போதும். உச்சிக்கு ஏறினால் முக்கால். குணகம் 0.6 என்றால் ஏணியில் பத்தில் ஏழு பங்குவரைதான் ஏறலாம், போட்டுப் பார்."

பாய் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினார். நிலையியலில் நிறுத்தினார். ஓரமெல்லாம் இரண்டு கை எழுத்து. விலையைக் குறைக்கப் போகிறார் என்று நினைத்து, "அழிச்சுக் குடுக்கட்டுமா பாய்?" என்றேன்.

"ஐயய்ய, அழிக்காதே. எழுதுன புக்குதான் தம்பி மொதல்ல போவும். பசங்க அதத்தான் பொரட்டிப் பாத்து எடுக்கிறானுங்க." ஒரு ரூபாய்க்கு வாங்கியதற்கு இரண்டு ரூபாய் கொடுத்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்த அடுக்கின் மேல், முதுகு வெளியே தெரியும்படி அதை வைத்தார்.

"ஜூன்ல பசங்க வருவாங்க" என்றார்.