பேய் பேசிற்று, பெண் கேட்டாள்

"முதற் படத்தைக் காட்டிலும் இரண்டாவது மேல்!" என்கின்றனர் சிலர். "கதைகள் நான்கு, அவற்றுள் ஒன்றுதான் வைரம், மற்றவை கூழாங்கல்!" என்கின்றனர் வேறு சிலர். "மணிகள் நல்லவை, கோத்த நூல்தான் நைந்த நூல்!" என்று குறை காண்போர் உண்டு. "இரவு விளக்கை அணைக்க அஞ்சினேன்!" என்று கூறி, அந்த அச்சத்தையே படத்துக்கு நற்சான்றாக வழங்குவோரும் உண்டு. 'வி.எச்.எஸ். 2' எனும் அமெரிக்கப் பேய்ப் படம் 2013-ஆம் ஆண்டு சண்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட நாள்தொட்டு, கண்டவர்களிடையே ஓயாது நடைபெறும் வழக்கு இது.

அச்சத்தை நற்சான்றாக ஏற்கும் வழக்கம் முதற் படத்தோடேயே தொடங்கிற்று. 2012-இல், அதே விழாவில் அது காட்டப்பட்டபோது, பார்த்திருந்த ஒருவர் உடல் தளர்ந்து மருத்துவ உதவி பெற நேர்ந்தது என்று ஏடுகள் எழுதின. வேறு எந்தச் சரக்குக்கும் இது வசை. பேய்ப் படத்துக்கோ விளம்பரம்! மயங்கி விழ ஒருவர் இருந்தார் என்றால், மயக்கத்தைக் காண ஆயிரவர் வருவர் அன்றோ! அடுத்த ஆண்டே இரண்டாவது படமும் வந்தது.

தோழர்கள் சிலரோடு நாமும் அதனைக் கண்டோம். கண்டபின் நெடுநேரம் வாதிட்டோம். வாதத்தில் வென்றவர் எவர் என்பது இங்கே தேவையில்லை. எழுந்த எண்ணங்களை மட்டும் தோழர்கள் முன் வைக்கிறோம்.

பல கதைகளை ஒரே படத்துள் அடக்கிய தொகுப்பு இது. காணாமற்போன மாணவன் ஒருவனைத் தேடி, துப்பறிவோர் இருவர் ஒரு வீட்டுக்குள் நுழைகின்றனர். அங்கே ஒளிநாடாக்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்கின்றனர். ஒவ்வொரு நாடாவும் ஒரு கதை. விபத்தில் விழி இழந்து, படமெடுக்கும் கருவி பொருத்திய செயற்கைக் கண் பெற்றவனுக்கு, இறந்தோர் தெரிகின்றனர். இது முதற் கதை. காட்டுப் பாதையில் மிதிவண்டி ஓட்டியவன் நடைபிணத்தால் கடியுண்டு தானும் நடைபிணமாகிறான். அவன் தலைக்கவசத்தில் இருந்த கருவி வழியே நாம் பிணத்தின் பார்வையையே பார்க்கிறோம். இது இரண்டாவது. நான்காவதில், ஏரிக்கரை வீட்டில் விளையாடும் சிறுவர்களை வேற்றுலகத்தார் தூக்கிச் செல்கின்றனர். படமெடுக்கும் கருவி வீட்டு நாயின் முதுகில்! பாவம், மனிதர் செயலுக்கு நாய் சாட்சி. சாட்சி சொல்ல வந்ததும் உயிரிழக்கிறது.

மூன்றாவது கதையே வழக்கின் நடுநாயகம். 'சேஃப் ஹேவன்', அதாவது பாதுகாப்பான புகலிடம், என்பது அதன் பெயர். வேல்ஸ் நாட்டவரான கேரத் எவான்சும், இந்தோனேசிய நாட்டவரான டிமோ ஜாஜாந்தோவும் சேர்ந்து இயக்கியது. கதை நடப்பதும் இந்தோனேசியாவில். பின்னர் இந்த வரிசையில் படங்கள் பல வந்தன. 2014-இல் வந்த மூன்றாவதைப் பெரும்பாலோர் கைவிட்டனர். 2021-இல் வந்ததைப் பலர் பாராட்டினர். எது வரினும், "புகலிடத்துக்கு ஈடாகுமா?" என்றே கேட்கின்றனர். அத்துணை ஆழமாகப் பதிந்துவிட்டது அந்த ஒரு கதை.

ஏன் பதிந்தது? ஒரு சமயக் குழுவின் மதிலுக்குள், ஆண்கள் மூவரும் பெண் ஒருத்தியுமாகச் செய்திப்படக் குழுவினர் செல்கின்றனர். 'தந்தை' என்று அழைக்கப்படும் தலைவனைப் பேட்டி காண்பது நோக்கம். சட்டைப் பொத்தானில் மறைவாகப் படக்கருவி. உள்ளே பள்ளி உண்டு, பிள்ளைகள் உண்டு, வெள்ளுடை உண்டு, புன்னகை உண்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்த ஒழுங்குதான் வயிற்றைக் கலக்குகிறது! தலைவன் இனிக்க இனிக்கப் பேசுகிறான். திடீரென மணி ஒலிக்கிறது. ஒலிபெருக்கியில் அவன் குரல்: காலம் கனிந்துவிட்டது என்கிறான். மறுகணம், அடியார் நஞ்சு அருந்துகின்றனர். துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கின்றனர். முணுமுணுப்பு இல்லை, தயக்கம் இல்லை!

கண்டோர் அனைவரும் போற்றுவது இந்தப் பகுதியை. நாமும் போற்றுகிறோம். இதற்குப் பின்னர் என்ன நடக்கிறது? மாண்டோர் எழுகின்றனர்; குழுவில் வந்த கருவுற்ற பெண்ணின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கொம்பு முளைத்த பேய் பிறக்கிறது; தப்பியோடிய இளைஞனைத் துரத்தி வந்து, அவனைப் பார்த்து "அப்பா" என்று அழைக்கிறது. அவன் பைத்தியம் பிடித்தவன்போல் சிரிக்கிறான். கதை முடிகிறது.

இங்கேதான் கருத்து இரண்டாகப் பிரிகிறது. "துணிவின் உச்சம் இது!" என்பார் ஒரு சாரார். "பேயைக் காட்டாதவரை அஞ்சினோம், காட்டியதும் சிரித்துவிட்டோம்" என்பார் மற்றொரு சாரார். எம்முடன் இருந்தோரும் சிரித்தனர். நாம் அந்தச் சிரிப்பை எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அது நல்ல திறனாய்வு. ஒலிபெருக்கிக்கு நடுங்கியவர்கள் கொம்புக்கு ஏன் நடுங்கவில்லை? ஒலிபெருக்கி உலகில் உண்டு. கொம்பு முளைத்த குழந்தை உலகில் இல்லை. உள்ளம் அறிவிடம் கேட்காமலே அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்கிறது!

எம்முடன் வாதிட்டோருள் ஒருவர், சினத்தோடு, "பேயே இல்லை என்று பேசுவோருக்குப் பேய்ப் படம் எதற்கு? பார்ப்பதே பிழை!" என்றார். அவர் சினத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. இல்லை என்று தெரிந்தே அஞ்சி மகிழ்வது, ஊஞ்சலில் உயரப் போய்க் கூச்சலிடும் குழந்தையின் மகிழ்ச்சி போன்றது. குழந்தைக்குத் தெரியும், ஊஞ்சல் திரும்பிவரும் என்று. கெடுதி அதில் இல்லை.

பேய்க் கதைத் தொகுப்பைக் கண்டு, பயன்மிக்க கேள்வியோடு திரும்பியவர்களும் உண்டு. 1945-இல் இங்கிலாந்தில், ஈலிங் நிறுவனத்தார் 'டெட் ஆஃப் நைட்' எனும் படத்தை வெளியிட்டனர். இன்றைய தொகுப்புப் படங்களுக்கெல்லாம் பாட்டன் அது. ஒரு வீட்டுக்கு வந்தவன், விருந்தினர் கூறும் கதைகளைக் கேட்கிறான். இறுதியில் கனவிலிருந்து விழிக்கிறான். மீண்டும் அதே வீட்டுக்கு வருகிறான். முடிவே தொடக்கம்! கண்டோரில் பெரும்பாலோர், பேசும் பொம்மையின் கதைதான் சிறந்தது என்று வரிசைப்படுத்தினர். இன்றும் அப்படியே சொல்கின்றனர். கேம்பிரிட்ஜில் அதனைக் கண்ட ஃபிரெட் ஹாயில், தாமஸ் கோல்ட், எர்மன் பாண்டி எனும் அறிவியலார் மூவரின் பேச்சோ வேறு திசையில் சென்றது. அண்டமும் இப்படித்தான், தொடக்கமும் முடிவும் இன்றி இருக்குமோ என்ற எண்ணம் எழுந்தது. 1948-இல் நிலையான அண்டக் கொள்கையை அவர்கள் வெளியிட்டனர். விண்ணெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சு பற்றிய செய்தி 1965-இல் வெளிவந்தபின் அக்கொள்கை செல்வாக்கு இழந்தது உண்மை. இழக்கட்டுமே! சோதனைக்கு நின்று தோற்பது அறிவியலுக்கு இழிவல்லவே! கொட்டகையைவிட்டு ஒரு கேள்வியோடு வந்தனர் என்பதுதான் நாம் கருத வேண்டுவது.

அந்த மூவரை மனத்தில் வைத்துக்கொண்டு, 'புகலிட'த்தை மீண்டும் பார்ப்போம். எந்தக் கதை முதலிடம் என்று கேட்டாயிற்று. எவ்வளவு நடுங்கினோம் என்று கேட்டாயிற்று. வென்றவன் யார் என்று கேட்டோமா?

'தந்தை' வென்றான், தோழர்களே! அவன் உடல் சிதறி மாள்கிறான். ஆனால் அவன் சொன்னது பலித்துவிடுகிறது. வருவான் என்றான், வந்துவிட்டான்! பொய்யன் என்று காட்ட மறைகருவியோடு சென்றவர்கள், அவன் வாக்கு மெய் என்பதற்கான சான்றையே படம்பிடித்துத் தந்துவிடுகின்றனர். நஞ்சு அருந்தியவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர், முன்பே அறிந்தவர்கள் என்றாகிவிடுகிறது. பாதிக் கதைவரை மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய படம், மீதிக் கதையில் பேயைச் சாட்சிக்கு அழைத்து அவனை விடுதலை செய்துவிடுகிறது!

"கதைதானே!" என்பீர். ஆம், கதைதான். அதே படத்தின் இரண்டாவது கதையும் கதைதான். அதில், நடைபிணமாகித் திரிபவன் காதில், தொலைபேசி வழியாக அவன் காதலியின் குரல் தற்செயலாக விழுகிறது. பிணத்துக்குள் மனிதன் ஒரு கணம் விழிக்கிறான். தன்னைத் தானே முடித்துக்கொள்கிறான். கண்டோர் பலர் அதைத்தான் "நெஞ்சைத் தொட்டது" என்கின்றனர். அறிவுரை ஒரு வரி இல்லை. ஆனால் கொலைவெறியை ஒரு குரல் நிறுத்த முடிகிறது. கதை சொல்வோனால் அது முடியும் என்பதற்கு அதே படம் சான்று.

ஒலிபெருக்கி, நஞ்சு, தந்தை! இவை சேரும்போது, கயானா நாட்டுக் காடு நினைவுக்கு வராமல் இராது. ஜிம் ஜோன்ஸ் எனும் அமெரிக்கப் பாதிரி 'மக்கள் கோயில்' எனும் அமைப்பை நடத்தினான். கோழியின் உள்ளுறுப்பை மறைத்து வைத்து, நோயாளியின் உடலிலிருந்து எடுத்த புற்றுக்கட்டி என்று காட்டி ஏமாற்றினான். அவனை 'அப்பா' என்றே அடியார் அழைத்தனர். ஏமாந்தோரை மூடர் என்று எளிதில் இகழ்ந்துவிட வேண்டா. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் அமரலாம் என்று அவன் சொன்னான்; அமரவும் வைத்தான். சமத்துவம் வேண்டி வந்தவர்கள் அவர்கள். நல்ல கொள்கையைத் தூண்டிற்புழு ஆக்கினான் அவன். ஜோன்ஸ்டவுன் என்று தன் பெயரையே சூட்டிய குடியிருப்பில், அவன் குரலை ஒலிபெருக்கிகள் ஓயாது முழங்கின.

1978 நவம்பரில், நிலைமையை நேரில் காண அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் செய்தியாளருடன் சென்றார். வெளியேற விரும்பிய சிலரை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். 18-ஆம் நாள், வானூர்தித் தளத்தில் அவரையும், செய்தியாளர் மூவரையும், தப்பிவந்த ஒரு பெண்ணையும் சுட்டுக் கொன்றனர். படப்பிடிப்பாளர் ஒருவர், தாக்குதல் தொடங்கியபின்னும் கருவியை நிறுத்தவில்லை, படம்பிடித்தவாறே மாண்டார். அன்று மாலை குடியிருப்பில், பழச்சாறு போன்ற பானத்தில் சயனைடு கலந்தனர். முதலில் குழந்தைகள்! சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய காவலர். அன்று மாண்டோர் மொத்தம் 918 பேர். அவர்களுள் 300 பேரளவில் சிறுவர். மாண்டோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கொம்பு முளைத்தது எதுவும் பிறக்கவில்லை. மாண்டோர் எவரும் எழவில்லை.

அங்கும் ஒரு நாடா கிடைத்தது, தோழர்களே! ஒளிநாடா அன்று, ஒலிநாடா. ஏறக்குறைய 44 நிமிடம் ஓடுவது. அந்த இறுதி மாலையின் குரல்கள் அதில் பதிந்துள்ளன. தலைவன் சாகச் சொல்கிறான், கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். வேறு வழி இல்லையா, வேறு நாட்டுக்குச் செல்லக்கூடாதா என்று கேட்கிறாள். குழந்தைகள் வாழத் தக்கவர்கள் அல்லரோ என்று கேட்கிறாள். தலைவன் பதில் சொல்லிப் பார்க்கிறான்; அவள் அடங்கவில்லை. கடைசியில் அவளை அடக்கியவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள்! தலைவனுக்கு வேலை வைக்காமல், அடியாரே கூச்சலிட்டு அவளை உட்காரவைத்தனர். மற்றவர்களோடு அவளும் மாண்டாள்.

படத்தின் நாடாவில் இல்லாதது இதுதான். வெள்ளுடை அணிந்த அந்தக் கூட்டத்தில், எழுந்து கேட்கும் பெண் ஒருத்தி இல்லை. அத்தனை பேரும் ஒரே முகம், ஒரே புன்னகை. கேட்பவள் ஒருத்தியை நிறுத்தி, அவளைச் சுற்றிலும் எழும் கூச்சலைக் காட்டியிருந்தால், அந்தக் கூச்சலின் முன் கொம்பும் குளம்பும் எம்மாத்திரம்! கண்டோர் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, பார்க்க வேண்டா என்று சொல்ல மாட்டோம். பாருங்கள், அஞ்சுங்கள், சிரியுங்கள், எது முதற்கதை, எது கடைக்கதை என்று வாதிடுங்கள். அதன்மேல் இன்னுமொரு கேள்வியும் கேளுங்கள்: இந்தக் கதை யாரை மெய்யன் ஆக்கிற்று? யாரை வாய் திறவாமல் சாகவைத்தது? இவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் பார்வையாளர் கருத்து முழுமை பெறும்.

கேட்கும் பழக்கம் கொட்டகைக்கு மட்டும் உரியதன்று. சமத்துவம் பேசும் மேடைமுன் நாமும் கூடுகிறோம், கைதட்டுகிறோம். அங்கே ஒருவர் எழுந்து, "ஐயா, வேறு வழி இல்லையா?" என்று கேட்கும் நாள் வரும். கேட்டவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கும் கை நம் கையாக இருக்கக்கூடாது. அவர் கேட்டு முடிக்கட்டும். அதன்பின் பதிலை மேடையிடம் நாமும் சேர்ந்தே கேட்போம்.