தொங்கும் துணியும் தாங்கும் முடிச்சும்

மனிதன் பிறந்தவுடன் ஏறும் முதல் வாகனம் எது? தொட்டில் என்பேன் நான். எங்கள் ஆறுமுகநேரிப் பக்கத்தில் தொட்டில் என்பதைக் கொங்கு நாட்டில் தூளி என்பார்கள். ஈழத்தில் ஏணை என்பார்கள். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே: ஒரு பழஞ்சேலை, அதற்கு இரண்டு நுனிகள். அந்த இரு நுனிகளையும் ஒரே விட்டத்தில் கட்டினால் பிள்ளைக்குத் தொட்டில். இரு மரங்களுக்கு இடையே விரித்துக் கட்டினால் பெரியவர்களுக்குத் தொங்கு படுக்கை.

'ஹம்மாக்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இப்படுக்கையை, 1492இல் கொலம்பஸ் மேற்கிந்தியத் தீவுகளில் கண்டார். அத்தீவு மக்களின் சொல்லே பின்னர் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. ஆடும் கப்பலுக்கு ஆடும் படுக்கையே ஏற்றது என்று மாலுமிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கித்தான் துணியின் நுனியில் வரிசையாகத் துளையிட்டு, துளைக்கொரு மெல்லிய கயிறு கோத்து, எல்லாக் கயிறுகளையும் ஒரே இரும்பு வளையத்தில் சேர்த்துக் கட்டுவது அவர்கள் முறை. ஒருவன் பாரத்தைப் பல கயிறுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் தந்திரம் அது.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது என்பது நாம் அறிந்ததே. அத்திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நாம் தங்கியிருந்தோம் அல்லவா? பகலில் மண்வெட்டி, இரவில் எறும்பு. முதல் நாள் இரவு ஒருவரும் உறங்கவில்லை. மறுநாள் மாலை, பையிலிருந்த எட்டு முழ வேட்டியை எடுத்து, முற்றத்து வேப்ப மரங்களுக்கு இடையே கட்டிப் படுத்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒன்பது மாணாக்கர்கள்! அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். கயிறு திரிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கயிறு கட்டத்தான் சொல்லித் தருகிறேன்.

எட்டு முழம் என்பது பன்னிரண்டு அடி. நுனிகளுக்குப் போக ஒன்பது, பத்து அடி மிஞ்சும். ஒருவர் நீட்டிப் படுக்கப் போதும். வேலை எல்லாம் நுனியில்தான். முதலில் நுனியைச் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மடித்துக் கையில் பிடிக்க வேண்டும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் ஆச்சி. "ஏலே, மடிப்பு எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்லே. ஒரு மடிப்பு மட்டும் இழுபட்டா, அதுதான் மொதல்ல கிழியும், அப்புறம் எல்லாம் கிழியும்" என்பார்.

இனி, நுனியைக் கட்ட நான்கு எளிய வழிகள்.

ஒன்று, துணி முடிச்சு. கொசுவிய நுனியிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, அதன் பின்கழுத்தில் கயிற்றைச் சுருக்காக மாட்டுவது. பாரம் ஏற ஏறச் சுருக்கு இறுகும். ஊசி நூல் வேண்டாம். ஆனால் நுனிக்கு ஒன்றரை அடித் துணி செலவாகும்.

இரண்டு, கல் முடிச்சு. ஆச்சிமார் முந்தானையில் காசு முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் ஓர் உருண்டைக் கூழாங்கல்லை நுனியில் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றாக இறுக்கிக் கட்டுவது. கயிறு நழுவ முயன்றாலும் கல் விடாது. கல் இல்லையென்றால் சுருட்டிய துணிப்பந்து போதும்.

மூன்று, வலை முடிச்சு. கொசுவிய நுனியைக் கொக்கிபோல் திருப்பி மடித்து, அந்த மடிப்புக்குள் கயிற்றை நுழைத்து, பின்புறமாக இருமுறை சுற்றி, கயிற்றின் அடியிலேயே செருகி இழுப்பது. நம் மீனவர்கள் வலைக்கண் பின்னும் முடிச்சும் இந்த இனமே. எவ்வளவு இழுபட்டாலும் பிறகு அவிழ்க்க எளிது.

நான்கு, நாடாப் புழை. நுனியை மூன்று அங்குலம் மடித்து, மூன்று வரிசை கெட்டித் தையல் போட்டு, பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் கயிற்றைக் கோத்துச் சுருக்குவது. தையற்பொறி உள்ள வீட்டாருக்கு ஏற்றது, பார்க்கவும் அழகு.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். நைலான் கயிறு வழுக்கும். ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட வேண்டும். அறுத்த முனையைத் தீயில் காட்டினால் பிரியாது. தென்னங்கயிற்றின் முனையை நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். பனை மரத்தில் கட்டுவதானால் கயிற்றுக்கு அடியில் கோணிச் சாக்கு வையுங்கள். கருக்கும் செதிலும் கயிற்றை அறுத்துவிடும். எங்கள் ஊரில் இரும்புக் கொக்கியை நம்பாதீர்கள். உப்புக் காற்றில் அது வெளியே கொக்கியாகவும் உள்ளே துருவாகவும் இருக்கும்.

கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். இயற்பியல் மாணவர்கள் காகிதத்தை எடுக்கட்டும். கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சரிவில் இருந்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோ இழுவிசை. சரிவு 10 பாகையானால் அதே ஆளுக்கு ஏறக்குறைய 173 கிலோ! முகாமில் இழுத்துக் கட்டிப் படுத்த நண்பர் ஒருவர் நள்ளிரவில் 'தொப்'பென்று தரையைச் சேர்ந்ததன் காரணம் இதுவே. நல்ல வேளை, நாற்காலி உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியை அவர் மதித்திருந்தார். எழுந்து, கணிதத் துறையையே குறை சொன்னார்.

இது வெறும் விளையாட்டு வேலையா? நம் கடற்கரைக்கு அது தெரியும். தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் கடைசியாக 1955 முதல் 1961 வரை நடைபெற்றது. அந்நாளில் குளியாளி கல்லைக் காலில் மாட்டிக் கடலடிக்கு இறங்குவான். படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். மேலே இழுக்க வேண்டியவன் அவன். அந்த வேலைக்கு மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தங்கை தாலியை எண்ணியாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா?

எங்கள் அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். விடியுமுன் பாத்திக்குப் போக வேண்டும்; வெயில் ஏறுமுன் சுமையை முடிக்க வேண்டும். தங்கை கைக்குழந்தை. வரப்பின் ஓரத்து உடை மரத்தில் பழஞ்சேலைத் தொட்டில் தொங்கும். கட்டி முடித்ததும் அம்மா அதைத் தம் இரு கைகளாலும் பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்ப்பார். மூன்று முறை. பிறகே பிள்ளையைக் கிடத்துவார். கிடத்தியபின் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவார். அம்பாரம் வரையிலும் திரும்பிப் பார்த்ததில்லை. சிறு வயதில் அது எனக்கு வியப்பாக இருக்கும். இவ்வளவு தொலைவு எப்படித் திரும்பாமல் போகிறார்? பிள்ளை மேல் பாசம் இல்லையோ என்றுகூட நினைத்ததுண்டு. என் கையாலே முடிச்சுப் போடப் பழகிய பிறகே விளங்கிற்று. அந்தப் பாசம் முழுவதையும் அவர் முடிச்சில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கூலி கிடைத்ததும், அடுப்பு எரிந்ததும், நான் இன்று கல்லூரியில் உட்கார்ந்து இதை எழுதுவதும் அம்முடிச்சின் பயன்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முகாமுக்கு எட்டு முழ வேட்டி ஒன்றை மறவாமல் எடுத்து வாருங்கள். மடிப்புகளைச் சமமாக வையுங்கள். படுக்குமுன் தொங்கிப் பாருங்கள், மூன்று முறை.